நான்கு கல் வைத்த பாய்

கடலுக்கு அந்தப் பக்கம், அதற்கும் அந்தப் பக்கம், சூரியன் நம்ம ஊருக்கு வருவதற்கு முன்னால் முகம் கழுவிக் கிளம்புகிற ஜப்பான் தேசத்திலே, ஒரு காலத்திலே, ஒரு மலை இருந்தது. மலை மேலே ஒரு கோயில். கோயில் முற்றத்திலே ஒரே ஒரு சகுரா மரம்.

சகுரா என்றால் அந்த ஊர்ச் செர்ரி மரம். இலை விடுவதற்கு முன்னாலேயே உடம்பெல்லாம் பூத்துவிடும். பூத்தால் ஏழு நாள், மிஞ்சிப் போனால் எட்டு. அந்த நாட்களில் கீழே ஊரில் தறி ஓடாது, பட்டறையில் சத்தம் கேட்காது. சோற்று உருண்டையும், குச்சியில் கோத்த கொழுக்கட்டையும், அரிசிக் கள்ளும் கட்டிக்கொண்டு ஊரே மலை ஏறும். மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டு, பாடி, கள்ளுக் கிண்ணத்தில் பூ விழுந்தால் பூவோடு குடித்துவிட்டு, பொழுது சாய இறங்கிப் போகும். பூவைப் பார்க்கத்தான் வருவார்கள். வேறு வேண்டுதல் கிடையாது.

அந்தக் கோயிலில் குரு ஒரு பெண் துறவி. மியோரின் அம்மா என்று பெயர். வயது முப்பத்தெட்டு. அவருக்குச் சீடர் ஒருவர்தான். பெயர் தொகுஜி, வயது அறுபத்து மூன்று. ஞானம் வயசு பார்த்து வருவதில்லை, அப்படியே வந்தாலும் பல்லு இருக்கிறவர்களிடம்தான் முதலில் போகும் என்று தொகுஜியே சொல்லிச் சிரிப்பார். குருவைத் தாயே என்பார். குரு அவரைப் பெரியவரே என்பார்.

துறவுக்கு வருமுன் தொகுஜி மரவாளி செய்கிறவர். அவர் செய்த வாளி ஒரு சொட்டு ஒழுகாது. மனைவி போன பிறகு ஒரே மகள், ஓகினு. அவள் ஒரு மிட்டாய்க்காரனை விரும்பினாள். நம்ம ஊரில் ஜவ்வு மிட்டாய்க்காரர் குச்சியில் கிளி செய்து கொடுப்பாரே, அந்த மாதிரி பாகைச் சுற்றிக் குருவியும் மீனும் பிடித்துக் கொடுத்து, சின்ன மேளம் தட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். மன்சோ என்று பெயர். தொகுஜி அவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்றார். உட்கார ஓர் இடமில்லாதவனுக்கு என் பெண் எதற்கு என்று கேட்டார். ஓகினு அன்று ராத்திரியே துணி மூட்டையைக் கட்டினாள். மறுநாள் காலை மேளச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அதோடு ஐந்து வருஷம்.

இந்த வருஷம் பனி உருகுமுன்னே தொகுஜி குருவிடம் வந்து, ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று நின்றார். அவருக்கு எழுத்து வராது.

"யாருக்கு?"

"ஓகினுவுக்கு. பூக்கும்போது வரச் சொல்லி."

மியோரின் அம்மா மை தொட்டார். "அவளை மட்டுமா?"

தொகுஜி கூரையிலிருந்து தொங்கிய பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காத மாதிரி. அம்மா இரண்டாம் தடவை கேட்கவில்லை. சொன்னதை மட்டும் எழுதி மடித்துக் கொடுத்தார்.

பதில் கடிதம் வரவில்லை. கடிதத்தைக் கொண்டுபோனவன், குதிரையில் உப்பு ஏற்றி வருகிறவன்தான் வந்து சொன்னான்: கடிதத்தை உங்கள் பெண் இரண்டு தரம் படித்தாள், பூக்கட்டும் பார்க்கலாம் என்றாள். எந்த நாள் என்று சொல்லவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொகுஜிக்கு அது போதும்.

மரத்தில் முதல் பத்துப் பூ விரிந்த அன்று, விடியும்போதே தொகுஜி தன் பெட்டியிலிருந்து புதுக் கோரைப் பாயை எடுத்தார். கிளை நன்றாகத் தாழ்ந்து குடை பிடிக்கிற இடம் ஒன்று உண்டு, மரத்துக்குக் கிழக்கே. அங்கே விரித்தார். நான்கு மூலையிலும் நான்கு கல் வைத்தார்.

அந்த ஊர் வழக்கம் அது. நம்ம ஆட்கள் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, அங்கே பாயும் கல்லும். கல் வைத்த பாயில் அரசரே வந்தாலும் உட்கார மாட்டார். ஆனால் காலையில் விரித்தால் சாயங்காலம் சுருட்டிவிட வேண்டும். ஏழு நாளைக்குச் சேர்த்துக் கல் வைத்த மனிதரை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

பாயின் நடுவில் தொகுஜி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன மெத்தை போட்டார். ஒன்றே ஒன்று. பக்கத்தில் விளக்குமாறோடு நின்றுகொண்டார்.

எதற்கு விளக்குமாறு என்றால், பூ விழுகிறதே. மகள் வரும்போது பாய் சுத்தமாக இருக்க வேண்டாமா? ஒரு இதழ் விழும், இவர் பெருக்குவார். இன்னொன்று விழும், இன்னொரு பெருக்கு. மரம் ஓயவில்லை, இவரும் ஓயவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? டோஃபு என்கிற சோயாக்கட்டி செய்கிற கிஹேய் ஒவ்வொரு நாளும் மனைவி, அம்மா, நாலு பிள்ளைகளோடு வந்து பக்கத்தில் பாய் விரிப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறீர்களே அண்ணே, மரத்தையா பாயையா என்று முதல் நாள் கேட்டான். இரண்டாம் நாள், மரத்தடியில் நின்று பூவைப் பெருக்குவது ஆற்றில் நின்று தண்ணீரைத் துடைப்பது மாதிரி இல்லையா என்றான். தொகுஜி அவனைப் பார்த்து விளக்குமாற்றைக் கொஞ்சம் வேகமாகப் போட்டார். அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கொழுக்கட்டைக் குச்சியை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். நின்றபடியே தின்றார்.

மியோரின் அம்மாவோ ஒரு நாள் இருந்த பாயில் மறுநாள் இருக்க மாட்டார். இன்றைக்கு நெசவுக்காரர் வீட்டுப் பாய், நாளைக்குக் கிஹேய் பாய், அதற்கடுத்த நாள் யாரென்றே தெரியாத வழிப்போக்கர் பாய். எங்கே சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அங்கே மொட்டைத் தலை ஒன்று தெரியும்.

மூன்றாம் நாள் தொகுஜிக்குப் பொறுக்கவில்லை.

"தாயே, நம்ம கோயில், நம்ம மரம். தினம் யார் பாயிலயாவது போய் உட்கார்றீங்க. நமக்குன்னு ஓர் இடம் வேண்டாமா?"

மியோரின் அம்மா கீழே குனிந்து, தொகுஜி கூட்டி வைத்த குவியலிலிருந்து ஓர் இதழை எடுத்தார். அதைத் தொகுஜியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது எங்க விழுந்திருக்கணும்னு சொல்லுங்க பெரியவரே. மரத்துக்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, போய்விட்டார். தொகுஜி இதழைக் குவியலில் போட்டார்.

நாலாம் நாள் வெயில். ஐந்தாம் நாள் மரம் முழுக்கப் பூத்துவிட்டது. ஒரு மொட்டு பாக்கியில்லை. அதைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டது, தொகுஜி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கப் பூத்தால் அடுத்தது உதிர்வதுதான். மகள் வராமல் பூ போய்விட்டால் அப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அவரிடம் அழைக்க வேறு சாக்கு இல்லை.

ஆறாம் நாள் காற்று எழுந்தது. நாளைக்கு மிஞ்சாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அக்கம்பக்கத்து ஊர்களும் திரண்டு வந்தன. முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பாயும் பாயும் உரசிக்கொண்டு கிடந்தன. நடுவிலே தொகுஜியின் பாய் மட்டும் ஒரு மெத்தையோடு காலியாகக் கிடந்தது. ஓரத்தில் கால் நீட்டிக்கொள்ளவா என்று ஒரு கிழவர் கேட்டார். முடியாது என்றார் தொகுஜி. அவருக்கே குரல் கொஞ்சம் இடறியது. ஆனாலும் முடியாது என்றார்.

அப்போதுதான் ஒருவன் கூட்டத்தைத் துழாவிக்கொண்டு வந்தான். முப்பது வயதிருக்கும். தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. இங்கும் அங்கும் பார்த்தவன் களைப்பாறக் குழந்தையை ஒரு நிமிஷம் இறக்கி விட்டான். குழந்தைக்குக் கல்லும் வழக்கமும் தெரியுமா? சேற்றுக் காலோடு நேரே பாயில் ஓடி, மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தது.

தொகுஜி விளக்குமாற்றை ஓங்கவில்லை. ஓங்கின மாதிரிதான் இருந்தது.

"எழுந்திரு. இது வேற ஆளுக்கு வெச்ச இடம்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. அவன் பதறி வந்து அதைத் தூக்கினான். குனிந்து தலை வணங்கி, தெரியாமல் நடந்துவிட்டது என்றான். பின்னாலே ஆள் வருகிறார்கள், மாசமாக இருக்கிறவள், ஓர் ஓரம் கிடைத்தாலும் போதும் என்றான்.

"ஓரமும் கிடையாது. இது என் மகளுக்கு."

அவன் நிமிர்ந்தான். தொகுஜியின் மொட்டைத் தலையை, கைகளை, வாளி வளையம் இறுக்கி இறுக்கிக் காய்ப்பேறின விரல்களைப் பார்த்தான். பிறகு பாயை. பிறகு அந்த ஒற்றை மெத்தையை.

"மகளுக்கு மட்டுமா?"

"மட்டும்தான்."

அவன் இன்னொரு தரம் குனிந்தான். முன்னைவிட ஆழமாக.

"நல்ல இடம்" என்றான். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றி, மரத்துக்குப் பின்னால் விறகுக் கொட்டகைப் பக்கம் போனான். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். தரை ஈரம்.

தொகுஜி ஈரத்துணி கொண்டுவந்து குழந்தையின் கால் தடத்தைத் துடைத்தார். மூன்று தடம். மூன்றாவது லேசில் போகவில்லை.

துடைத்து நிமிர்ந்தால் எதிரே ஓகினு நிற்கிறாள்.

ஐந்து வருஷத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. ஏழு மாசம் இருக்கும். படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. அப்பா என்றாள். தொகுஜி பாயைக் காட்டினார். வா என்றார். உட்கார் என்றார். உனக்காகத்தான் ஆறு நாளாக என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் மெத்தையைத் தட்டிப் போட்டார்.

ஓகினு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி, பாயில் ஒரு காலை வைத்தாள். அப்படியே நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அவரும் கோஹருவும் எங்கப்பா?"

"யாரு?"

"உங்க மாப்பிள்ளை. நான் பாதி வழியில கல்லுமேல உட்கார்ந்துட்டேன், நீங்க முன்னாடி போய் ஒரு இடம் பிடிங்கன்னு அனுப்பினேன். குழந்தை தோள்மேல இருந்துதே. பார்க்கலையா?"

தொகுஜியின் கையில் ஈரத்துணி இருந்தது.

"வந்தார்."

"எங்க?"

"நான்தான்… போகச் சொல்லிட்டேன்."

ஓகினு குரலை உயர்த்தவில்லை. பாயைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். ஒன்று. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வைத்த காலைப் பாயிலிருந்து எடுத்தாள்.

"பாய் ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவர்களைத் தேடிப் போனாள்.

தொகுஜி எவ்வளவு நேரம் நின்றாரோ. காற்று அடித்தது. பூ விழுந்தது. அவர் பெருக்கவில்லை. பிறகு கண் தெரியாதவர் மாதிரி நடந்து, கிஹேயின் பாய் ஓரத்துக்கு வந்தார். அன்றைக்கு மியோரின் அம்மா அங்கேதான், கையில் பாதிச் சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"தாயே, பெயர்கூடக் கேட்காம என் பேத்தியைத் துரத்திட்டேன். அந்தப் பிள்ளை யாருன்னு தெரிஞ்சுதான் போயிருக்கான். ஒரு வார்த்தை சொல்லலை. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா சோற்று உருண்டையைக் கீழே வைத்தார். உட்கார்ந்தபடியே கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினார். அவர் ஒதுங்கினதும் கிஹேயின் அம்மா ஒதுங்கினாள். கிஹேய் காலை மடக்கினான். அவன் மனைவி கடைசிப் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏற்கெனவே எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்த பாயில், இரண்டு முட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் அளவுக்கு வெளி விழுந்தது. அம்மா அந்த இடத்தைத் தட்டினார். தொகுஜி உட்கார்ந்தார்.

"இந்த இடத்தை உங்களுக்குன்னு யாராவது வெச்சிருந்தாங்களா?"

"இல்ல தாயே."

"காலையிலிருந்து யாராவது காவல் காத்தாங்களா?"

கிஹேய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் மனைவி அவன் தொடையைக் கிள்ளினாள்.

"இல்ல."

"பின்ன எப்படி வந்துது?"

தொகுஜி தன் இரண்டு பக்கமும் பார்த்தார். கிஹேயின் அம்மாவின் முழங்கை அவர் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. கிழவி சோற்று உருண்டையைத் தின்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

தொகுஜி எழுந்தார். தன் பாய்ப் பக்கம் போகவில்லை. விறகுக் கொட்டகைக்குப் போனார்.

அங்கே ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் விறகு அடுக்கு. நடுவில் மன்சோ தன் மேல்அங்கியைக் கழற்றி ஈரத் தரையில் போட்டு அதில் ஓகினுவை உட்கார வைத்திருந்தான். தொகுஜி வந்து நின்றார். ஓகினு விறகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோஹரு அந்தச் சிடுசிடு மனிதரைக் கண்டதும் அப்பா முதுகுக்குப் பின்னால் போனாள்.

மன்சோதான் முதலில் ஒதுங்கினான். சுவரோடு ஒட்டி முதுகைச் சாய்த்துக்கொண்டு, "உட்காருங்க மாமா. தரை சில்லுனு இருக்கும், பார்த்து" என்றான்.

தொகுஜி உட்கார்ந்தார். ஈரம் ஏறியது. கொஞ்சம் பொறுத்து ஓகினு மூங்கில் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி, முகத்தைப் பார்க்காமல் அப்பா பக்கம் நகர்த்தினாள். அவர் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து மரத்தின் முதுகுதான் தெரியும். ஒரு கிளையின் நுனி மட்டும் கொட்டகைக் கூரையைத் தாண்டி எட்டிப் பார்க்கும். மாலை வெயில் பின்னாலிருந்து விழ, அந்த ஒரு முழக் கிளையில் இருந்த பூ ஒவ்வொன்றும் விளக்கேற்றின மாதிரி இருந்தது. காற்று வந்தபோது இதழ்கள் கூரைமேல் உருண்டு, தேநீரில், ஓகினுவின் மடியில், தொகுஜியின் மொட்டைத் தலையில் வந்து விழுந்தன. ஒன்று தலையில் ஒட்டிக்கொண்டது. கோஹரு அதையே பார்த்தாள். அப்பா முதுகிலிருந்து பாதி வெளியே வந்தாள்.

"தாத்தா."

தொகுஜி நிமிர்ந்தார். அப்படி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

"என்னம்மா?"

குழந்தை விறகு அடுக்கைத் தாண்டி, தூரத்தில் கிடந்த காலிப் பாயைக் காட்டினாள். பெருக்க ஆளில்லாமல் பாய் முழுக்க, மெத்தை முழுக்க, பூ மூடியிருந்தது.

"பூவை மட்டும் உட்கார விடுறீங்களே?"

மன்சோ சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினான். ஓகினு சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், முடியவில்லை. தொகுஜி சிரித்தாரா அழுதாரா என்று அந்தப் பாதி வெளிச்சத்தில் சொல்வது கஷ்டம். போய், கால் நீட்ட இடம் கேட்ட அந்தக் கிழவரைக் கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தார். கிஹேயின் பிள்ளைகள் அழைக்காமலேயே வந்து உருண்டார்கள். பிறகு அவர் கொட்டகைக்கே திரும்பி வந்து, கோஹருவின் பக்கத்தில் உட்கார்ந்து, மன்சோ கோவணக் கயிறு மாதிரி நீளமாகப் பாகை இழுக்கும் வித்தையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இரண்டு கேள்வி கூடக் கேட்டார்.

பொழுது இறங்கியது. இருட்டுமுன் அடிவாரத்துச் சத்திரத்துக்குப் போக வேண்டும் என்று மன்சோ எழுந்தான். மிட்டாய்ப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. குழந்தை அவன் தோளில் தூங்கிவிட்டது. ஓகினு குருவின் முன்னால் குனிந்து வணங்கினாள். அப்பாவிடம் போய் வருகிறேன் என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவர் சொன்னார். ஊர்க்காரர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முற்றம் காலியானது. மூன்று பேரும் படிக்கட்டுப் பக்கம் மெல்ல நடந்தார்கள்.

தொகுஜி மரத்தடியில் நின்றார். மியோரின் அம்மா பக்கத்தில்.

"தாயே, மாப்பிள்ளைகிட்ட மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லணும் சொல்லணும்னு பொழுது முழுக்க நாக்கு நுனியில வெச்சிருந்தேன், இறங்கலை. இனி எப்ப வருவாங்களோ. அடுத்த பூவுக்கு நான் இருப்பேனோ. இப்ப ஓடிப் போய்ச் சொல்லட்டுமா? என்னன்னு சொல்றது? வாளி செஞ்சவனுக்கு வார்த்தை செய்ய வரலையே."

மியோரின் அம்மா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓகினு முதல் படியில் காலை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். மன்சோ தோளில் தூங்கும் குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அவளுக்கு நீட்டினான். குழந்தை சரிந்தது. கையை இழுத்துக்கொண்டு அதைப் பிடித்தான்.

"இருநூத்தி நாப்பது படி, பெரியவரே. எல்லாப் படியிலயும் பூ விழுந்து வழுக்குது. குழந்தையை வாங்கிக்க ஒரு ஆள் இருந்தா, அவர் இரண்டு கையாலயும் அவளைப் பிடிச்சு இறக்குவார்."

தொகுஜி அங்கியின் கையை மடித்துக்கொண்டார். படியை நோக்கி நடந்தார்.